பழைய ஊரேடுகளும் அமெரிக்கரின் கொடிவழியும்

நதிமூலமும் ரிஷிமூலமும் தேடலாகாது என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. மூலத்தைத் தேடிச் சென்றால் முடிவில் ஒரு சிற்றூற்றையோ, வெளியில் சொல்லத் தயங்கும் ஒரு செய்தியையோதான் காண நேரும் என்று பெரியோர் அஞ்சினர் போலும். ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எண்ணற்ற மக்கள் அம்மூலத்தைத் தேடுவதையே ஓய்வு நேரத்தின் பெரும்பணியாகக் கொண்டிருக்கின்றனர். பாட்டனுக்குப் பாட்டன் எக்கப்பலில் வந்தான், எந்த ஊரில் ஏர் பூட்டினான், யாரை மணந்தான், எங்கே புதைக்கப்பட்டான் என்று நூல்நிலையங்களிலும் நீதிமன்றக் காப்பறைகளிலும் அமர்ந்து பழந்தாள்களைப் புரட்டுகின்றனர். அந்நாட்டில் வாழ்வோருள் மிகப் பெரும்பாலோர் எங்கிருந்தோ வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள். வந்தவர்களின் மக்களுக்கே வந்த வழியை அறியும் ஆவல் மிகுதியாக உண்டாகிறது. சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வாவல் புரியாததன்று.

இத்தேடலின் ஓர் இழை நம் சென்னைக்கும் வந்து சேர்கிறது. புனித ஜார்ஜ் கோட்டையினுள் இருக்கும் செயின்ட் மேரி மாதா கோயில் 1680-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே அங்கு ஒரு திருமணம் நடந்தது. அக்கோயிலின் பதிவேட்டில் ஏறிய முதல் திருமணம் அதுவே. மணமகன் எலிஹு யேல். மணமகள் கேத்தரின் ஹின்மர்ஸ் என்னும் கைம்பெண். பின்னாளில் கோட்டையின் ஆளுநராகி, 1692 வரை அப்பதவியில் இருந்த இந்த யேல், 1649-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் இங்கிலாந்துக்குச் சென்றுவிட்ட அவர், பிறந்த மண்ணுக்கு ஒருபோதும் திரும்பவில்லை. எனினும் 1718-இல் கனெக்டிகட்டில் இருந்த ஒரு கல்லூரிக்குப் பொருளும் நூல்களும் அனுப்பினார். அக்கல்லூரி அவர் பெயரையே தாங்கி இன்று யேல் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. ஒரு மனிதரின் பிறப்பு ஒரு கண்டத்தில். திருமணப் பதிவு மற்றொரு கண்டத்தில். கல்லறை வேல்ஸ் நாட்டு ரெக்ஸம் என்னும் ஊரில். இம்மூன்றையும் இணைத்தால்தான் அவர் வாழ்க்கை முழுமை பெறுகிறது. கொடிவழி தேடுதல் என்பது இவ்வாறு சிதறிக் கிடக்கும் ஏடுகளை ஒன்றோடொன்று பொருத்தும் கலையே ஆகும்.

யேல் செல்வர், ஆகவே அவரைப் பற்றி எழுதுவோர் பலர் இருந்தனர். குடியானவனையும் கொல்லனையும் கூலியாளையும் பற்றி யார் எழுதினர் என்று நாம் கேட்கலாம். அதற்கு விடையாக நிற்பவை அமெரிக்காவின் பழைய ஊரேடுகள்.

ஏடு எதற்காக எழுதப்பட்டது?

இவ்வேடுகளைத் திறக்குமுன் ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் பேரப்பிள்ளைகள் படித்து மகிழ்வதற்காக எழுதப்பட்டதன்று. வரி வாங்குவதற்காக ஒன்று, நிலத் தகராறு எழாமல் காப்பதற்காக ஒன்று, ஏழைகளைக் காக்கும் செலவை எவர் தலையில் கட்டுவது என்று முடிவு செய்வதற்காக ஒன்று, இப்படி ஒவ்வொன்றும் ஒரு காரியத்தின் பொருட்டு எழுந்தது. எழுதியவன் யார், எதற்காக எழுதினான், யாரை எழுதாமல் விட்டான் என்னும் மூன்று கேள்விகளையும் ஒவ்வோர் ஏட்டிடமும் கேட்கத் தெரிந்தவனுக்கே அது வாய் திறக்கும்.

மாசசூசெட்ஸ் குடியேற்றத்தை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்திலிருந்து வந்த பியூரிட்டன் மக்கள் 1630-இல் பாஸ்டன் நகரை நிறுவினர். 1639-இல் அங்கிருந்த பொதுச் சபை ஓர் ஆணை பிறப்பித்தது. உயில்களையும், இறந்தோரின் சொத்துப் பட்டியல்களையும், ஒவ்வொருவருடைய பிறப்பு, திருமணம், இறப்பு நாட்களையும் பதிய வேண்டும் என்பதே அவ்வாணை. இங்கிலாந்தில் 1538 முதல் மாதா கோயில் குருமார் ஞானஸ்நானத்தையும் அடக்கத்தையும் எழுதி வந்தனர். இங்கோ குருமாரை நீக்கி, ஊரின் எழுத்தரிடமே அப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. திருமணத்தைக்கூட அக்காலத்தில் அங்கே நடத்தி வைத்தவர் பாதிரியார் அல்லர், நடுவரே. திருமணம் ஓர் உடன்படிக்கை என்பது அவர்கள் கொள்கை. ஆகவே நியூ இங்கிலாந்தில் முன்னோரைத் தேடுவோர் முதலில் ஊர் எழுத்தரின் ஏட்டைத் தேடுகின்றனர்.

அவ்வேட்டில் குழந்தைகளின் பிறப்பு மட்டுமன்று. ஊர்க் கூட்டத்தின் தீர்மானங்கள், வேலி பார்ப்போன் நியமனம், சாலைச் செலவு ஆகியவையும் கலந்து கிடக்கும். மாடுகளின் காதில் வெட்டும் அடையாளம்கூட அதில் பதியப்பட்டது. பொது மேய்ச்சல் நிலத்தில் மாடுகள் கலந்து மேய்ந்ததால், இன்னாருடைய மாட்டுக்கு இடக்காதில் இத்தகைய வெட்டு என்று எழுதி வைத்தனர். தந்தையின் அடையாளம் பெரும்பாலும் மகனுக்குச் செல்லும். பிறப்புப் பதிவு இல்லாத ஒருவன் யாருடைய மகன் என்பதற்கு மாட்டுக் காதே சான்று கூறும் விந்தையை இங்கே காண்கிறோம்.

தெற்கே வர்ஜீனியாவில் நிலைமை வேறு. அங்கே ஆங்கிலத் திருச்சபையே அரசின் சபையாக இருந்தது. ஆகவே பிறப்பும் அடக்கமும் அச்சபையின் ஏடுகளில் ஏறின. அவற்றுள் பல அழிந்துபோயின. எஞ்சியவற்றுக்குத் துணையாக நிற்பவை கவுண்டி நீதிமன்ற ஏடுகள். கவுண்டி என்பது ஏறக்குறைய நம் ஜில்லாவை ஒத்த ஆட்சிப் பகுதி. தலைவரிப் பட்டியலும் அங்கே பெருந்துணை செய்கிறது. பதினாறு வயது நிரம்பிய ஆண்களுக்கு அந்த வரி உண்டு. வீட்டுத் தலைவனே அதனைக் கட்டுவான். ஒரு வீட்டின் பெயர்ப் பட்டியலில் ஓராண்டு புதிதாக ஒரு மகனின் பெயர் தோன்றினால் அவனுக்குப் பதினாறு வயது ஆயிற்று என்று கொள்ளலாம். சில ஆண்டுகள் சென்றபின் அவன் தனி வீட்டுத் தலைவனாக எழுதப்பட்டால் குடித்தனம் பிரிந்துவிட்டான் என்பது விளங்கும். பிறப்பேடு இல்லாத இடத்தில் வரியேடே சாதகமாகிவிடுகிறது.

நாளும் பெயரும் செய்யும் மயக்கம்

பழைய ஏட்டைப் படிப்போர் முதலில் இடறி விழும் இடம் ஆண்டுக் கணக்கு. ஆங்கிலேயரின் குடியேற்றங்களில் 1752 வரை புத்தாண்டு பிறந்த நாள் மார்ச் 25. சித்திரை பிறந்தால்தான் ஆண்டு பிறக்கும் என்று பழகிய நமக்கு இது வியப்பாகாது. ஆனால் சனவரியை ஆண்டின் தொடக்கமாகக் கொண்டு படிப்பவர் தவறிவிடுவர். 1690 ஏப்ரலில் திருமணம் நடந்ததாக ஓர் ஏடு கூறுகிறது. 1690 பிப்ரவரியில் அத்தம்பதியரின் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்ததாக அடுத்த ஏடு கூறுகிறது என வைத்துக்கொள்வோம். அறியாதவர் அக்குடும்பத்தின்மீது பழி சுமத்திவிடுவர். உண்மையில் அந்தப் பிப்ரவரி, நம் கணக்கில் 1691-ஐச் சேர்ந்தது. திருமணம் முடிந்து பத்து மாதம் கழித்தே குழந்தை வந்தது. இக்குழப்பத்தைத் தவிர்க்கவே அக்கால எழுத்தர் சிலர் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து எழுதினர். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த நாளை அவர் குடும்ப விவிலிய நூலில் பிப்ரவரி 11 என்றும், ஆண்டினை 1731, 32 என இரண்டும் சேர்த்தும் குறித்தனர். 1752-இல் நாட்காட்டி திருத்தப்பட்டபோது செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆயிற்று. பதினொரு நாட்கள் கணக்கிலிருந்து விடுபட்டன. அதனால் வாஷிங்டன் பிறந்த நாள் இன்று 1732 பிப்ரவரி 22 எனக் கொண்டாடப்படுகிறது.

குவேக்கர் என்னும் சமயத்தாரின் ஏடுகளில் மற்றொரு நுட்பம் உண்டு. மாதங்களுக்கு வழங்கிய பெயர்கள் பிற சமயத் தெய்வங்களின் பெயர்கள் என்று கருதி, முதல் மாதம், இரண்டாம் மாதம் என எண்ணால் மட்டுமே அவர்கள் குறித்தனர். 1752-க்கு முன் அவர்களுடைய முதல் மாதம் மார்ச். பின்னர் முதல் மாதம் சனவரி. இதனை மறந்தவர் ஒவ்வொரு பிறப்பையும் இரண்டு மாதம் தள்ளி எழுதிவிடுவர்.

உறவுப் பெயர்களும் மயக்கம் தருவன. இன்று மாமனாரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அன்று மாற்றாந்தந்தையையும் குறித்தது. ஒன்றுவிட்ட உடன்பிறப்பைக் குறிக்கும் சொல்லால் அண்ணன் மகனையும் தங்கை மகளையும் அழைத்தனர். பெரியவர், இளையவர் என்னும் அடைமொழிகள் தந்தை மகன் என்னும் உறவைக் காட்டுவன என்று எண்ணுதலும் பிழை. ஒரே ஊரில் ஒரே பெயருடைய இருவர் இருந்தால் வயதில் மூத்தவரைப் பெரியவர் என்றனர். அவர் இறந்ததும் இளையவரே பெரியவராகிவிடுவார். பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதால் பேரன் என்று வழங்கும் நமக்கு ஒரு குடும்பத்தில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவது புதிதன்று. நியூ இங்கிலாந்திலோ, இறந்த குழந்தையின் பெயரையே அடுத்துப் பிறந்த குழந்தைக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. ஒரே பெற்றோருக்கு ஒரே பெயரில் இரண்டு பிறப்புப் பதிவுகள் இருப்பின், முதற்குழந்தையின் சிறு கல்லறையைத் தேட வேண்டும்.

நியூயார்க்கில் 1664-க்கு முன் ஆண்டவர் டச்சுக்காரர். தந்தையின் பெயரை ஒட்டியே மகனுக்குப் பின்பெயர் அமைப்பது அவர்களுள் பரவலாக இருந்த வழக்கம். பீட்டரின் மகன் யான், யான் பீட்டர்சன் ஆவான். அவன் மகன் யான்சன் என்னும் பின்பெயர் பெறுவான். மூன்று தலைமுறைக்கு மூன்று பின்பெயர்கள். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தாங்கி நடக்கும் நாம், வேற்று மாநில அலுவலகங்களில் குடும்பப் பெயர் யாது என்று கேட்கப்படும்போது படும் இடர்ப்பாட்டை நினைத்தால், ஆங்கிலேய எழுத்தர் முன் நின்ற அந்த டச்சுக் குடியானவனின் நிலை நமக்கு நன்கு விளங்கும்.

நிலமும் உயிலும்

பிறப்பேட்டில் இடம் பெறாதவரும் நில ஏட்டில் இடம் பெற்றனர். கிரயப் பத்திரம் எழுதும்போது நிலத்தின் நான்கு எல்லைகளும் கூறப்பட்டன. ஓடை, பெரிய ஓக் மரம், கற்குவியல், பக்கத்து நிலத்துக்காரர் பெயர் என எல்லை வளர்ந்து செல்லும். பக்கத்து நிலத்துக்காரர் பல சமயம் மாமனாராகவோ மைத்துனராகவோ இருப்பார். கணவன் நிலத்தை விற்கும்போது, கணவனுக்குப் பின் மனைவிக்குச் சேர வேண்டிய மூன்றில் ஒரு பங்கு உரிமையை விட்டுக்கொடுப்பதாக அவள் ஒப்புதல் தருவது பெருவழக்கு. பெண்ணின் பெயரை நாம் அறிய வழி செய்வது பல வேளைகளில் அந்த ஒப்புதல் ஒன்றே.

திருமணத்துக்குப்பின் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் மறைந்துவிடுவதே கொடிவழித் தேட்டத்தின் பெருந்தடை. அதனைக் கடக்கத் தந்தையின் உயில் உதவுகிறது. மணமான மகளைக் கணவன் வீட்டுப் பெயரால் சுட்டி, இவளுக்கு ஒரு பசு, இவளுக்கு ஒரு படுக்கை என்று அவர் எழுதியிருப்பார். உயிலோடு சேர்ந்த சொத்துப் பட்டியலைப் படிக்கும்போது அவ்வீட்டினுள் நாமே நுழைந்தாற்போல் தோன்றும். இரும்புச் சட்டி, ஈயத் தட்டு, நூற்கும் சக்கரம், பழைய விவிலிய நூல், பாதி தேய்ந்த கோடரி என ஒவ்வொன்றுக்கும் விலை எழுதியிருக்கும்.

அப்பட்டியலிலேயே நம் நெஞ்சை உலுக்கும் வரிகளும் உண்டு. அடிமைகளை வைத்திருந்தோரின் பட்டியலில் மாட்டுக்கும் கலப்பைக்கும் நடுவே மனிதரின் பெயர்களும் விலையும் காணப்படும். தாயும் குழந்தையும் சேர்த்து இவ்வளவு என்று எழுதியிருப்பர். கறுப்பின மக்கள் தம் முன்னோரைத் தேடும்போது எதிர்ப்படும் பெருஞ்சுவர் 1870-ஆம் ஆண்டுக் குடிமதிப்பு. அடிமையாயிருந்த மக்கள் அனைவரையும் பெயரிட்டு எழுதிய முதற்கணக்கு அதுவே. அதற்கு முந்திய 1850, 1860 ஆண்டுகளில் அடிமைகளுக்குத் தனிப்பட்டியல் இருந்தது. அதில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அடிமையின் வயதும் பாலும் நிறமும் இருக்கும். பெயர் மட்டும் அநேகமாக இராது. அச்சுவரைத் தாண்ட விரும்புவோர், தம் முன்னோரை உடைமையாகக் கொண்டிருந்தவரின் உயிலையும் சொத்துப் பட்டியலையும் தேடியாக வேண்டும். விற்பதற்காக எழுதிய பெயரே இன்று வழித்தோன்றலுக்குக் கிடைக்கும் ஒரே பெயராக இருப்பதைக் காட்டிலும் கொடிய முரண் வேறில்லை. விடுதலைக்குப்பின் 1865 முதல் 1874 வரை நடைபெற்ற விடுதலையாளர் சேமிப்பு வங்கியின் ஏடுகள் ஓரளவு ஆறுதல் தருகின்றன. கணக்குத் தொடங்க வந்தவர்களிடம் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோரின் பெயர்களைக் கேட்டு எழுதிவைத்தனர். விற்கப்பட்டுப் பிரிந்த உறவினரின் பெயர்கள்கூட அங்கே இருக்கின்றன.

வந்தேறிகளின் ஏடு

ஊர் விட்டு ஊர் சென்றவர்களை அக்கால அமெரிக்க ஊர்கள் எவ்வாறு நடத்தின என்பது நாம் சிறப்பாக அறியத்தக்கது. நியூ இங்கிலாந்தில் ஏழைகளைக் காப்பது அவரவர் ஊரின் கடமை. ஆகவே, வெளியூரிலிருந்து வந்தவன் நாளை நோயுற்றாலோ வறுமையுற்றாலோ அவன் சுமை தம்மீது விழக்கூடாது என்று ஊரார் அஞ்சினர். அதற்காக எழுந்ததே வெளியேறும்படி எச்சரிக்கும் வழக்கம். ஊர்ச் சார்பில் ஒருவர் சென்று, இத்தனை நாளில் இவ்வூரை விட்டு நீங்குக என்று வந்தவரிடம் கூறுவார். பெரும்பாலோர் உண்மையில் நீங்கவில்லை. அங்கேயே தங்கி உழைத்து வாழ்ந்தனர். எச்சரித்துவிட்டோம், இனி இவரைக் காக்கும் கடமை எமக்கில்லை என்று சட்டப்படி காட்டுவதே ஊரின் நோக்கம்.

பாஸ்டன் நகரில் 1765 முதல் 1774 வரை இப்பணியைச் செய்தவர் ராபர்ட் லவ் என்பவர். அவர் தெருத்தெருவாக நடந்து, புதிதாக வந்தவர்களைக் கண்டு, பெயர் என்ன, எவ்வூரிலிருந்து வந்தாய், எப்பொழுது வந்தாய், யார் வீட்டில் தங்கியிருக்கிறாய் என்று வினவி எழுதிக்கொண்டார். அவர் எச்சரித்தவர்கள் ஏறக்குறைய நான்காயிரம் பேர். கைம்பெண்கள், கப்பலாட்கள், வேலை தேடி வந்த இளைஞர்கள், கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள் அவர்களுள் அடங்குவர். நிலமில்லாமலும் உயில் எழுதாமலும் வாழ்ந்து மறைந்த அவர்களுள் பலருக்கு, அவர் கையெழுத்திலுள்ள அந்த இரண்டு வரிகளே மிஞ்சிய சான்று. வேண்டாதவர் என்று எழுதிய ஏடு, அவர் எங்கிருந்து வந்தார் என்னும் செய்தியைக் காத்துத் தந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான ஏடும் உண்டு. குவேக்கர் ஒருவர் வேற்றூருக்குச் சென்றால், இவர் எம் சபையைச் சேர்ந்த நல்லொழுக்கமுடையவர், இவரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பழைய ஊர்ச் சபை ஒரு சான்றிதழ் கொடுத்தனுப்பும். கொடுத்த ஊரிலும் பெற்ற ஊரிலும் அது பதியப்படும். இரண்டு ஏடுகளையும் ஒப்பிட்டு, ஒரு குடும்பம் பென்சில்வேனியாவிலிருந்து கரோலினாவுக்கும், அங்கிருந்து ஒஹாயோவுக்கும் சென்ற வழியை இன்றும் காண முடிகிறது. ஒருவரை இரு ஊர்களின் ஏடுகளிலும் தேடுக என்பது இதனால் நாம் பெறும் பாடம்.

விடுதலைப் போரில் ஈடுபட்ட வீரர்களின் ஓய்வூதிய விண்ணப்பங்களும் இத்தகையனவே. 1832-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி விண்ணப்பித்த முதியவர்கள் நீதிமன்றத்தில் நின்று, தாம் பிறந்த ஊர், போருக்குச் சென்றபோது வாழ்ந்த ஊர், பின்னர் குடிபெயர்ந்த ஊர்கள் ஆகியவற்றை வாய்மொழியாகக் கூறினர். 1836 முதல் கைம்பெண்களுக்கும் அவ்வுரிமை விரிவாயிற்று. திருமணத்துக்குச் சான்றாகச் சிலர் குடும்ப விவிலிய நூலில் பிறப்பு இறப்பு எழுதியிருந்த தாளையே கிழித்து அனுப்பினர். வீட்டில் இருந்திருந்தால் என்றோ அழிந்திருக்கக்கூடிய தாள் அரசின் காப்பகத்தில் இன்றும் பத்திரமாக உள்ளது.

எண்ணிக்கையும் இழப்பும்

அமெரிக்க அரசு 1790-இல் முதன்முதலாகக் குடிமதிப்பு எடுத்தது. அதிலிருந்து 1840 வரை வீட்டுத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மனைவியும் மக்களும் வெறும் எண்களாக நின்றனர். அடிமைகள் ஒழிந்த ஏனையோர் அனைவரின் பெயரும் எழுதப்பட்டது 1850-இல்தான். ஒவ்வொருவரும் வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்பது 1880-இல் சேர்ந்தது. ஆகவே 1850-க்கு முன் தேடுவோர் ஊரேட்டையும் நில ஏட்டையும் உயிலையும் விட்டால் வேறு போக்கில்லை.

அவ்வேடுகளும் எல்லா இடத்திலும் தப்பவில்லை. வர்ஜீனியாவின் சில கவுண்டிகள், உள்நாட்டுப் போரின்போது பாதுகாப்பை எண்ணித் தம் நீதிமன்ற ஏடுகளை ரிச்மண்ட் நகருக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் அந்நகரமே தீப்பற்றி எரிந்தபோது அவை சாம்பலாயின. காப்பதற்காக அனுப்பியதே அழிவுக்குக் காரணமாயிற்று. 1890-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின் பெரும்பகுதியும் 1921 சனவரியில் வாஷிங்டன் நகரில் நேர்ந்த தீ விபத்தால் பாழாயிற்று. படி எடுத்து வேறிடத்தில் வைப்பதன் அருமை அப்பொழுதுதான் பலருக்குப் புலனாயிற்று.

இழப்பைத் தடுக்க முயன்ற நிறுவனங்களுள் பாஸ்டனில் 1845-இல் தோன்றிய நியூ இங்கிலாந்து வரலாற்றுக் கொடிவழிச் சங்கம் மூத்தது. 1894-இல் யூட்டா மாநிலத்தில் தோன்றிய கொடிவழிச் சங்கம், 1938 முதல் உலகெங்குமுள்ள ஏடுகளை நுண்படச் சுருள்களில் பதிவு செய்தது. ஹரித்துவாரத்தில் பண்டாக்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் யாத்திரிகர் வம்ச ஏடுகளையும் அச்சங்கம் படமெடுத்திருக்கிறது. வட நாட்டில் வாழும் நம்முள் சிலர் அந்நீண்ட ஏடுகளை நேரில் கண்டிருக்கக்கூடும். அச்சுருள்களில் பெரும்பாலானவற்றை இன்று வீட்டிலிருந்தே கணினித் திரையில் காணலாம். உமிழ்நீரைச் சோதித்து உறவு சொல்லும் மரபணு ஆய்வும் இக்காலத்தில் பெருகியுள்ளது. ஆயினும் இவர் உமக்கு உறவு என்று மட்டுமே அச்சோதனை கூறும். அவர் பெயரையும் ஊரையும் தொழிலையும் கூற வல்லது ஏடு ஒன்றே.

தேடும் முறை

அனுபவமுடையோர் கூறும் முறை எளியது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க. தன்னிலிருந்து தொடங்கித் தந்தை, பாட்டன் எனப் பின்னோக்கிப் படிப்படியாக ஏறுக. புகழ்பெற்ற ஒருவரை முன்னோராக எண்ணிக்கொண்டு அவரிடமிருந்து கீழே இறங்கி வர முயலற்க. பெயர் ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. பெயரோடு இடமும் காலமும் மனைவியும் அண்டை வீட்டாரும் ஒத்து வருகின்றனரா என்று பார்க்க வேண்டும். எழுத்துக்கூட்டு வேறுபடுவதைக் கண்டு மயங்கலாகாது. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார், அவ்வளவே. அச்சிட்ட வம்ச நூலை வழிகாட்டியாகக் கொள்ளலாம். முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. எந்த ஏட்டில், எந்தப் பக்கத்தில் கண்டோம் என்பதை உடனுக்குடன் குறித்துக்கொள்ள வேண்டும்.

இம்முறைகள் அனைத்தும் கைவந்தாலும் சில கதவுகள் திறவா. 1635-இல் வர்ஜீனியாவில் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் பெற்ற நிலச் சாசனம் அதற்குச் சான்று. ஆள் ஒருவரைக் கொண்டுவந்தால் ஐம்பது ஏக்கர் நிலம் என்பது அங்கு வழங்கிய விதி. அவ்வாறு அவர் கணக்குக் காட்டிய ஆட்களுள் ஒருவர், கிழக்கிந்தியன் டோனி. டோனி என்பது அவருடைய தாய் இட்ட பெயராக இராது. எந்தக் கரையிலிருந்து சென்றார் என்பதை அந்தச் சாசனம் கூறவில்லை. ஐம்பது ஏக்கர் நிலத்துக்கு அத்தாட்சியாக மட்டுமே அவர் எழுதப்பட்டார்.

1790 டிசம்பர் 29-ஆம் நாள், மாசசூசெட்ஸில் சேலம் என்னும் துறைமுக ஊரின் பாதிரியார் வில்லியம் பெண்ட்லி தம் நாட்குறிப்பில் ஒரு செய்தி எழுதினார். சென்னைப் பட்டணத்திலிருந்து வந்த ஒருவரை அன்று கண்டதாகவும், இந்திய நாட்டார் ஒருவரைத் தாம் காண்பது அதுவே முதல் முறை என்றும் அவர் குறிக்கிறார். நிறம், கூந்தல், உயரம், முகத்தோற்றம், அழைத்து வந்த கப்பல் தலைவரின் பெயர் ஆகிய அனைத்தும் அங்கே இருக்கின்றன. வந்தவரின் பெயர் மட்டும் இல்லை. அவர் தமிழராக இருந்திருக்கலாம். அவருக்குத் தாயும் தந்தையும் ஊரும் இருந்திருக்கும். அவர் திரும்பி வருவார் என்று கடற்கரையில் யாரேனும் காத்திருக்கவும்கூடும். பெயர் என்ன என்று ஒருவர் கேட்டு எழுதியிருந்தால் அவர் நமக்கு மனிதராகக் கிடைத்திருப்பார். இன்று ஒரு தோற்றமாக மட்டுமே கிடைக்கிறார்.

அயலார் நம்மைப் பற்றி எழுதும்போது தமக்கு வேண்டியதை மட்டுமே எழுதுவர். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் தில்லிக்கும் வந்த நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் எவ்வூரிலிருந்து, எவ்வாண்டில், யாரை நம்பி இரயில் ஏறினர் என்பதை எந்த அலுவலக ஏடும் முழுமையாகக் கூறாது. அதனை அறிந்த முதியோர் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றனர். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அருகில் அமர்ந்து, பெயரையும் ஊரையும் கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவோம். பழைய புகைப்படங்களின் பின்புறத்திலும் பெயர்களைக் குறிப்போம். படி ஒன்றை ஊரிலுள்ள உறவினருக்கும் அனுப்பி வைப்போம்.